கணக்குல எழுதாத கைமாத்து: ஜாவாவும் ஒரு டிஎல்எல்லும்

பி.காம். படிக்கிறவனுக்கு ஜாவா பத்தி என்னடா பேச்சுன்னு கேக்கப் போறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். இது ஜாவா பாடம் இல்ல, கணக்குப் பாடம். பொட்டி தட்டுற அண்ணன்மார்கள் பல வருஷமா இதை டெக்னிக்கல் பிரச்சினைன்னு நெனச்சுத் தலையைப் பிச்சுக்கறாங்க. எனக்கென்னவோ இது நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரமாத்தான் தெரியுது.

நம்ம ஊர்ல கைமாத்துன்னு ஒண்ணு உண்டு. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, பேரேட்டுல பதிவும் கிடையாது. வாங்கினவருக்கும் குடுத்தவருக்கும் மட்டும் தெரியும். வாங்கினவர் நல்லா இருக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அவர் போன பதினாறாம் நாள், யாரோ ஒருத்தர் வாசல்ல வந்து நிப்பாரு. வீட்ல இருக்கிறவங்க முழிப்பாங்க.

ஜாவா ப்ராஜெக்ட்டுகள்ல நேட்டிவ் லைப்ரரிங்கற சாமானை நிறைய பேர் வெச்சிருக்கிறது இந்தக் கைமாத்து மாதிரிதான். என் கட்சி ஒரே வரி: எப்படி வேணா கொண்டு வாங்க, ஆனா பில்ட் ஃபைல்ல எழுதாம கொண்டு வராதீங்க.

கிளாஸ்மேட்ஸுக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கம்

(தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம் :-))

ஜாவாவுல எழுதின புரோகிராமை ஜார்ங்கற மூட்டையா கட்டுவாங்க. அந்த மூட்டை விண்டோஸ்லயும் ஓடும், லினக்ஸ்லயும் ஓடும், மேக்லயும் ஓடும். கீழ இருக்கிற மெஷினைப் பத்தி ஜாருக்குக் கவலை இல்ல, அதைப் பாத்துக்க ஜாவா விர்ச்சுவல் மெஷின் இருக்கு. ஜாவாவோட பெரிய பெருமையே இதுதான்.

ஒருத்தர் எழுதின ஜாரை இன்னொருத்தர் பயன்படுத்தறதுக்கு மேவன்னு ஒரு கருவி இருக்கு. இப்ப எல்லாரும் பயன்படுத்தற முறைக்கு அடித்தளம் போட்ட மேவன் 2, 2005-ல வந்துச்சு. நமக்கு என்னென்ன சரக்கு வேணும்னு ஒரு கோப்புல எழுதி வெக்கணும். அந்தக் கோப்புக்குப் பேரு 'பாம்' (பயப்படாதீங்க, வெடிக்காது). எழுத வேண்டியது மூணே விஷயம்: யாரோட சரக்கு, சரக்கோட பேரு, எத்தனையாவது வெர்ஷன். மேவன் அதைப் பாத்துட்டு சென்ட்ரல்னு ஒரு பொதுக் கிடங்குலேர்ந்து எடுத்துட்டு வந்துடும். அந்தச் சரக்குக்கு வேற சரக்கு தேவைப்பட்டா அதையும் சேர்த்தே கொண்டு வரும்.

நம்ம பாஷையில பாம் கோப்புங்கறது கொள்முதல் ஏடு. அதுல எழுதாம ஒரு மூட்டை கடைக்குள்ள வராது. மெஷின் மாறினாலும், எழுதின ஆள் மாறினாலும், ஏட்டைப் பாத்து எல்லாத்தையும் திரும்ப வரவழைச்சுக்கலாம்.

இதுவரைக்கும் எல்லாம் அழகு. சிக்கல், ஜாவாவால தனியா முடியாத வேலை வரும்போது ஆரம்பிக்குது. சீரியல் போர்ட்ல மாட்டின மெஷின்கிட்ட பேசணும், எஸ்க்யூலைட் டேட்டாபேஸைத் திறக்கணும், ஓப்பன்சிவி வெச்சு முகத்தை அடையாளம் காணணும்... இதுக்கெல்லாம் சி, சி++ மொழிகள்ல எழுதி, அந்தந்த மெஷினுக்குன்னே கம்பைல் பண்ணின கோப்பு வேணும். விண்டோஸ்ல அதுக்கு டிஎல்எல்னு பேரு, லினக்ஸ்ல எஸ்ஓ, மேக்ல டைலிப். ஜாவாவுலேர்ந்து இதைக் கூப்பிடறதுக்கு ஜேஎன்ஐங்கற வழி 1997-ல ஜேடிகே 1.1 வந்தப்பவே வந்துடுச்சு.

இந்தக் கோப்பு ஜார் மாதிரி ஊருக்கெல்லாம் பொது இல்ல. விண்டோஸுக்குக் கட்டினது லினக்ஸ்ல ஓடாது. 32 பிட்டுக்குக் கட்டினதை 64 பிட் ஜாவா ஏத்துக்காது. இன்டெல் பிராசஸருக்குக் கட்டினதை ஏஆர்எம் ஜாவா ஏத்துக்காது. ஆனா பாம் கோப்புல எழுதற மூணு விஷயத்துல மெஷின் எதுங்கற கேள்வியே இல்லையே! பலரும் அதனால இந்தக் கோப்பை ஏட்டுல ஏத்தாமலேயே விட்டுட்டாங்க. கைமாத்து ஆரம்பிச்சது இங்கதான்.

ஒரு பருப்புக் கடையில நடந்தது

விருதுநகர்ல ஒரு பருப்பு மொத்த வியாபாரக் கடையில சாயங்காலம் கணக்கு எழுதப் போயிட்டிருந்தேன். அங்க ஒரு ஜாவா பில்லிங் புரோகிராம். எலக்ட்ரானிக் தராசுலேர்ந்து சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்கு வரும். மூட்டையைத் தராசுல வெச்சுட்டு ஒரு பட்டனைத் தட்டினா எடை தானா பில்லுல ஏறிடும். எழுதிக் கொடுத்தவர் எப்பவோ வேற ஊருக்குப் போயிட்டாரு.

ஒரு நாள் பழைய கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. புதுசு வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்குலேர்ந்து புரோகிராம் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி, ஜாவாவும் போட்டாங்க. ஸ்கிரீன் வந்துச்சு. சரக்குப் பட்டியல் வந்துச்சு. பட்டனைத் தட்டினா எடை மட்டும் வரல. பின்னாடி கறுப்புத் திரையில, ஆர்எக்ஸ்டிஎக்ஸ்சீரியல்ங்கற லைப்ரரி ஜாவா லைப்ரரி பாத்ல இல்லன்னு ஒரு வரி. இதுக்கு அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர்னு பேராம்.

"என்ன தம்பி, பாதி ஓடுது பாதி ஓடலங்கிற?"ன்னு அண்ணாச்சி கேட்டாரு. நியாயமான கேள்வி. ஒரு ஜாவா கிளாஸ் நேட்டிவ் கோப்பைத் தேடறது, பெரும்பாலும் அந்த கிளாஸை முதல் தடவை தொடும்போதுதான். அதுவரைக்கும் எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற நண்பன் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போனேன். சோர்ஸ் கோடு ஒரு சிடியில இருந்துச்சு. பாம் கோப்புல ஆர்எக்ஸ்டிஎக்ஸ் 2.1.7-னு ஒரு பதிவு. டிஎல்எல் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. பழைய டிஸ்க்கைத் துழாவினதுல அந்த டிஎல்எல் ஜாவாவோட சொந்த பின் ஃபோல்டருக்குள்ள உக்காந்திருந்தது தெரிஞ்சுது. அந்தக் காலத்துல ஆர்எக்ஸ்டிஎக்ஸைப் பயன்படுத்தறதுக்குப் பரவலா சொல்லப்பட்ட வழியே அதுதான்: ஜாவா ஃபோல்டருக்குள்ள டிஎல்எல்லைக் காப்பி பண்ணிடு. புது ஜாவா போட்டா அது புது ஃபோல்டர். பழைய ஃபோல்டரோட டிஎல்எல்லும் போச்சு.

சரி, டிஎல்எல்லை எடுத்துப் புது ஜாவாவுல போட்டோம். இப்ப வேற பாட்டு: இது 32 பிட் கோப்பு, உன் மெஷின் 64 பிட், ஏத்த முடியாதுன்னு. கடைசியில 32 பிட் ஜாவாவைத் தேடிப் பிடிச்சுப் போட்டப்புறம்தான் தராசு பேசுச்சு.

இடையில ரெண்டு நாள் எடையைக் கையால டைப் பண்ணினாங்க. ரெண்டாம் நாள் ராத்திரி துவரம்பருப்புல 1.8 கிலோ இடிச்சுது. அக்கவுன்ட்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும், வித்தியாசம் 9-ஆல வகுபட்டா முதல்ல எண்ணு இடம் மாறியிருக்கான்னு பாக்கணும். பில் கட்டைப் புரட்டினா, 48.6 கிலோ மூட்டை 46.8-னு ஏறியிருக்கு. தொகை சின்னதுதான். ஆனா ஒவ்வொரு பில்லா பாத்து அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மணி பதினொண்ணு. பழைய கைமாத்துக்கு வட்டி கட்டினது அதை வாங்கவே வாங்காத ஆளுங்க.

ஏடு பொய் சொல்லுது

இதுல எனக்குக் கோபம் வர வெச்ச விஷயம் ஒண்ணு. ஆர்எக்ஸ்டிஎக்ஸ் 2.1.7 மேவன் சென்ட்ரல்ல நிஜமாவே இருக்கு. பாம்ல எழுதினா ஜார் வரும், கம்பைல் ஆகும், பில்ட் சக்சஸ்னு பச்சையா காட்டும். ஆனா அந்த ஜாருக்குள்ள இருக்கிறது ஜாவா பக்கம் மட்டும்தான். டிஎல்எல் இல்ல. பற்று எழுதியாச்சு, வரவு எழுதல. அப்படியும் இருப்பாய்வு டேலி ஆகுதுன்னா கணக்கு சரின்னு அர்த்தமா? பாதிக் கணக்கு எழுதவே இல்லன்னு அர்த்தம்.

"ஜாவா லைப்ரரி பாத்தை செட் பண்ணினா முடிஞ்சுது"ன்னு சில பேர் சொல்வாங்க. அதுல ரெண்டு ஓட்டை இருக்கு. அந்தப் பாதையை ஜாவா ஆரம்பிக்கும்போதே குடுத்துடணும். புரோகிராம் ஓட ஆரம்பிச்சப்புறம் மாத்தினா பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, நாம ஏத்தற எஸ்ஓ கோப்பு இன்னொரு எஸ்ஓவை நம்பியிருந்தா, அந்த ரெண்டாவதை ஜாவா லைப்ரரி பாத்ல தேட மாட்டாங்க. அதைத் தேடறது ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதுக்குன்னு தனி விதி, தனிப் பாதை. கடனுக்குள்ள ஒரு கடன்!

மூணு வழி

நான் பாத்த வரைக்கும் நேட்டிவ் கோப்பைக் கொண்டு வர மூணு வழி இருக்கு.

முதல் வழி, கண்ட இடத்துல போடறது. ஜாவா ஃபோல்டர், சிஸ்டம்32, ப்ராஜெக்ட்டுக்குள்ள லிப்னு ஒரு ஃபோல்டர். சிஸ்டம்32 கதை தனிக் காமெடி. 64 பிட் விண்டோஸ்ல அந்த ஃபோல்டர்ல இருக்கிறது 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருக்கிற ஃபோல்டரோட பேருலதான் 64 வருது! இந்த வழியைப் பத்தி இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. சுத்தமான கைமாத்து.

ரெண்டாவது வழி, எல்லா மெஷினுக்கான கோப்பையும் ஜாருக்குள்ளயே மூட்டை கட்டறது. செரியலோட எஸ்க்யூலைட் ஜேடிபிசி இப்படித்தான். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாத்துக்குமான கோப்பும் ஒரே ஜார்ல இருக்கும். ஓடும்போது இது என்ன மெஷின்னு பாத்து, சரியான கோப்பை டெம்ப் ஃபோல்டர்ல எழுதி, அங்கேர்ந்து ஏத்திக்கும். பாம்ல ஒரு பதிவு, அவ்வளவுதான். சீரியல் போர்ட்டுக்கு ஜேசீரியல்காம்ங்கற லைப்ரரியும் இதே முறைதான். பருப்புக் கடை மாதிரி இடத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாதுன்னுதான் நான் சொல்வேன். அண்ணாச்சிகிட்ட போய் பிராசஸர் எதுன்னு கேக்க முடியுமா?

ஆனா சர்வர்ல இந்த வழிக்கு வேற முகம் இருக்கு. பாதுகாப்புக்காக டெம்ப் ஃபோல்டர்லேர்ந்து எதையும் ஓட்டக் கூடாதுன்னு பூட்டியிருப்பாங்க. அங்க கோப்பை எழுத முடியும், ஏத்த முடியாது. இன்னொண்ணு ஆல்பைன் லினக்ஸ். டாக்கர்ல இடம் மிச்சம் பண்றதுக்காக நிறைய பேர் இதைப் பயன்படுத்தறாங்க. மத்த லினக்ஸ்கள்ல இருக்கிற ஜிலிப்சிக்குப் பதிலா இதுல மசல்னு வேற சி லைப்ரரி. ரெண்டும் லினக்ஸ்தான், ரெண்டும் 64 பிட்தான், ஆனாலும் ஒண்ணுக்குக் கட்டின எஸ்ஓ இன்னொண்ணுல ஏறாம போகும். எஸ்க்யூலைட் ஜேடிபிசி மசலுக்குன்னே தனிக் கோப்பு வெச்சிருக்கு. எல்லா லைப்ரரியும் அவ்வளவு பொறுப்பா இருக்கும்னு சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம், மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாது. 2023 செப்டம்பர்ல லிப்வெப்பிங்கற பட லைப்ரரியில மோசமான ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் பண்ணினா அதோட பிரதி சரியாகிடும். ஆனா தன் மூட்டைக்குள்ளயே லிப்வெப்பியை வெச்சிருந்த புரோகிராம்கள் ஒவ்வொண்ணும் தனித்தனியா அப்டேட் ஆக வேண்டியிருந்துச்சு. உங்க ஜாருக்குள்ள எந்த சி லைப்ரரி, எந்த வெர்ஷன் இருக்குன்னு மேவன்கிட்ட டிபென்டன்சி ட்ரீ கேட்டா, அது ஜார் பேரைத்தான் சொல்லும். இதுல எஸ்க்யூலைட் ஜேடிபிசியைப் பாராட்டணும். அதோட வெர்ஷன் எண்ணுலயே உள்ள இருக்கிற எஸ்க்யூலைட்டோட வெர்ஷன் எண் இருக்கு. மூட்டை மேலயே சரக்கு விவரம் ஒட்டின மாதிரி.

மூணாவது வழி, ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனிப் பதிவு. மேவன்ல கிளாசிஃபையர்னு நாலாவதா ஒரு கட்டம் இருக்கு. அதே பேரு, அதே வெர்ஷன், ஆனா இது லினக்ஸுக்கு, இது விண்டோஸுக்குன்னு அதுல எழுதலாம். எல்டபிள்யூஜேஜிஎல்ங்கற கேம் லைப்ரரி, 2018-ல ஜேடிகே 11 வந்தப்ப அதுலேர்ந்து தனியா பிரிஞ்ச ஜாவாஎஃப்எக்ஸ், நெட்டி எல்லாம் இந்த வழியைப் பயன்படுத்துது. ஜாவாசிபிபி இன்னும் ஒரு படி மேல. அதுல வர ஓப்பன்சிவி ஜாரோட வெர்ஷன்ல ஓப்பன்சிவி எண்ணும் ஜாவாசிபிபி எண்ணும் ரெண்டுமே இருக்கும்.

இந்த வழியிலயும் ஒரு குழி இருக்கு. பில்ட் பண்ற மெஷின் எதுவோ அதுக்கான கோப்பை மட்டும் தானா எடுக்கிற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க. ஜாவாஎஃப்எக்ஸ்ல இயல்பாவே அப்படித்தான். விண்டோஸ் லேப்டாப்ல கட்டின மூட்டையை லினக்ஸ் லேபுக்குக் கொண்டு போனா திரை வராது. 2020-ல ஆப்பிள் எம்1 வந்தப்ப, "மேக்"னு ஒரே வார்த்தையில எழுதி வெச்சிருந்தவங்களுக்கும் இதே கதிதான். மேக்ல இப்ப ரெண்டு ஜாதி! அதனால எங்க கட்டறோம்ங்கறதை வெச்சு எழுதக் கூடாது. எங்க ஓடப் போகுதுங்கறதை வெச்சு எழுதணும்.

நான் கேக்கறது நாலே விஷயம்

1. நேட்டிவ் கோப்பு எதுவா இருந்தாலும் கிடங்குல பதிவு ஆகணும். பேரு, வெர்ஷன், கிளாசிஃபையர். மெஷின் வித்தவங்க ஜிப்ல ஒரு டிஎல்எல் மட்டும் குடுத்தாங்கன்னா, டிப்ளாய் ஃபைல் கட்டளையால அதை உங்க சொந்தக் கிடங்குல ஏத்துங்க. அப்புறம் பில்ட் நடக்கும்போது மேவனே அதைப் பிரிச்சு டார்கெட் ஃபோல்டர்ல வெச்சு, டெஸ்ட்டுக்கு லைப்ரரி பாத்தும் குடுக்கற மாதிரி செட் பண்ணலாம். அரை நாள் வேலை.

2. உள்ள இருக்கிற சி லைப்ரரியோட வெர்ஷன் வெளிய தெரியணும். அது இன்னொரு லைப்ரரியை நம்பியிருந்தா அதுவும்.

3. எந்தெந்த மெஷின்ல ஓடும்னு எழுதி வெக்கணும். ஆப்பரேட்டிங் சிஸ்டம், பிராசஸர், லினக்ஸ்னா எந்த சி லைப்ரரி. எழுதாததுல ஓடாதுன்னு அர்த்தம்.

4. புரோகிராம் ஆரம்பிச்ச உடனே கோப்பை ஏத்திப் பாக்கணும். இல்லன்னா அங்கயே நிக்கணும். கடை திறக்கும்போது நின்னா காலையிலயே ஆளைக் கூப்பிடலாம். மூட்டை தராசுல ஏறினப்புறம் நின்னா வாடிக்கையாளர் முன்னாடி அசிங்கம்.

எதிர்க்கட்சி என்ன சொல்லுது?

"லினக்ஸ்ல ஆப்பரேட்டிங் சிஸ்டமே பேக்கேஜா குடுக்குதே, அதை ஏன் மேவன்ல எழுதணும்?" நல்ல கேள்வி. டெபியன்ல ஜேஎன்ஐ கோப்புகளுக்குன்னே தனி ஃபோல்டர் இருக்கு. ஓட்டை வந்தா ஒரே அப்டேட்ல எல்லாருக்கும் சரியாகும். அதை நான் மறுக்கல. ஆனா அது வேற ஒருத்தரோட ஏடு. ஜார் ஒரு ஏட்டுல, எஸ்ஓ இன்னொரு ஏட்டுல இருந்தா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்க ஒருத்தர் வேணும். நம்ம பாடத்துல வங்கிச் சரிகட்டும் பட்டியல் எதுக்கு இருக்கு? பாஸ்புக்கை நம்பறதுல தப்பில்ல, ஒப்பிடாம நம்பறதுதான் தப்பு. டாக்கர் கோப்புலயோ இன்ஸ்டால் குறிப்புலயோ வெர்ஷனோட எழுதி வெச்சா எனக்கு ஆட்சேபணை இல்ல.

"ஜேஎன்ஐ காலம் போச்சு தம்பி, இப்ப புது வழி வந்தாச்சு"ன்னு இன்னொரு கட்சி. 2024 மார்ச்ல வந்த ஜாவா 22-ல ஃபாரின் ஃபங்ஷன் அண்ட் மெமரி ஏபிஐ முழுசா வந்துடுச்சு. இடையில சி மொழியில ஒட்டு வேலை பண்ண வேண்டாம், ஜாவாவுலேர்ந்தே நேரா கூப்பிடலாம். சந்தோஷம். ஆனா கூப்பிடறதுக்கு அந்த டிஎல்எல் மெஷின்ல இருக்கணுமே! ஃபோன் மாடல் மாறினா எதிர்ல எடுக்கிற ஆள் தானா வந்துடுவாரா?

ஜாவாவை நடத்தறவங்களே இப்ப நம்ம பக்கம்தான் பேசறாங்க. 2025 மார்ச்ல வந்த ஜாவா 24-லேர்ந்து, முன்கூட்டி அனுமதி எழுதாம நேட்டிவ் லைப்ரரியை ஏத்தினா எச்சரிக்கை வருது. பின்னால ஒரு வெர்ஷன்ல தடுத்துடுவோம்னும் அதுலயே சொல்லிடறாங்க. அந்த எச்சரிக்கையை எப்படி மறைக்கிறதுன்னு சில பேர் தேடிட்டிருக்காங்க. ஆடிட்டர் கேள்வி கேட்டா கேள்வித்தாளைக் கிழிச்சுப் போடற கதை.

கைமாத்து வாங்கறது பாவம் இல்ல. அது இல்லாம எந்த வியாபாரமும் ஓடினதில்ல, சி லைப்ரரி இல்லாம பல ஜாவா புரோகிராமும் ஓடாது. ஆனா ஒரு புரோகிராம் எழுதினவரோட ஞாபகத்தை நம்பி ஓடிச்சுன்னா, அவர் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு ஆயுசு. ஏட்டை நம்பி ஓடிச்சுன்னா யார் வேணா எடுத்து நடத்தலாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். வைவாவுக்கு முந்தின நாள் உங்க சோர்ஸ் கோடை மட்டும் ஒரு பென் டிரைவ்ல எடுத்துட்டு, வேற டிபார்ட்மென்ட் நண்பனோட கம்ப்யூட்டர்ல பில்ட் பண்ணிப் பாருங்க. ஃபோன்ல உங்களைக் கூப்பிடாம அவனே ஓட்டிக் காட்டினான்னா உங்க கணக்கு சரி. "மச்சி, அந்த டிஎல்எல்லை எங்கடா போட்டே?"ன்னு கேட்டான்னா, எழுத வேண்டிய பதிவு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.

பி.கு: வேற டிபார்ட்மென்ட்னு சொன்னேன், காமர்ஸ்னு சொல்லல. ஆனா நாங்க வந்தா டீ வாங்கித் தரணும். அதையும் கணக்குல எழுதிக்கோங்க. :-)